காட்டைப் போர்த்தும் பச்சைக் கம்பளம்

குளுவாங் பக்கம் நீங்கள் போனதுண்டா? ஜொகூர் மாநிலத்தின் நடுவிலே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்து கிடக்கிற ஊர் அது. 'கெலுவாங்' என்றால் மலாய் மொழியில் பழந்தின்னி வௌவால். ஒரு காலத்தில் அந்தி நேரத்தில் அந்த வௌவால்கள் கூட்டங் கூட்டமாகப் பறந்ததால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஊரைத் தெரியாதவர்களுக்குக் கூட அங்குள்ள பழைய ரயில் ஸ்டேஷன் காப்பிக்கடையைத் தெரிந்திருக்கும். 1938-இல் தொடங்கிய கடை அது. தணலில் வாட்டிய ரொட்டியும் கெட்டிக் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு அருகிலேயே நிற்கிற குனோங் லம்பாக் மலையைப் பார்க்கப் போவது அப்பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு சின்ன உல்லாசப் பயணம்.

லம்பாக் பெரிய மலை என்று சொல்ல முடியாது. 510 மீட்டர் உயரந்தான். ஆனால் அடிவாரத்துக் காடு குளிர்ச்சியானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் வியர்க்க விறுவிறுக்க ஏறி இறங்குவதைக் காணலாம். நானும் அக்காள் மகளையும் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் போயிருந்தேன். அம்மாவால் மலை ஏற முடியாது. ஆகவே காட்டோரச் சாலையிலேயே மெல்ல நடந்தோம்.

அப்போதுதான் அந்தப் பெண் ஓரிடத்தில் நின்று, "மாமா, இங்கே பாருங்கள், எவ்வளவு வெற்றிலைக் கொடி!" என்று கூவினாள்.

திரும்பிப் பார்த்தேன். சாலையோரத்துப் புதர்கள், இளமரங்கள், பட்டுப்போன ஒரு அடிக்கட்டை எல்லாவற்றின் மீதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகச் சிறு பூங்கொத்துகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மா கிட்டே போய் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தார். "இது வெற்றிலை இல்லையடி. தீம்பாரில் நாங்கள் பிடுங்கிப் பிடுங்கி மாளாமல் விட்ட கொடி இது" என்றார்.

அந்தக் கொடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். லயத்துப் பின்புறத்து வேலியில், வாய்க்கால் ஓரத்தில், கைவிட்ட மலைக்காட்டில், ரயில் பாதை அருகில் எல்லாம் அது இருக்கிறது. ஆனால் பார்ப்பது வேறு, இன்னதென்று அறிவது வேறு அல்லவா?

பெயர் பல, கொடி ஒன்று

செடி நூலார் இதற்கு 'மிக்கானியா மைக்ராந்தா' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். 'மைக்ராந்தா' என்றால் சிறிய பூக்களை உடையது என்று பொருள். மலாய்க்காரர்கள் 'செலாபுட் துங்குல்' என்கிறார்கள். 'செலாபுட்' என்றால் மேலே படியும் ஏடு. 'துங்குல்' என்றால் மரத்தின் அடிக்கட்டை. அடிக்கட்டைகளை ஏடுபோல் மூடிவிடும் கொடி என்று அதன் செய்கையைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் அதன் வேகத்தைக் கண்டு மலைத்து, 'நிமிஷத்துக்கு ஒரு மைல்' என்று பெயரிட்டார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த பெயர் மலையாளத்துப் பெயர். கேரளத்தில் இதைத் 'திருதராட்டிரப் பச்சை' என்று அழைக்கிறார்கள். பாரதப் போர் முடிந்த பிறகு, நூறு பிள்ளைகளையும் இழந்த திருதராட்டிரன் வீமனைத் தழுவ விரும்பிக் கை நீட்டினான். கண்ணன் வீமனைத் தள்ளிவிட்டு, இரும்புப் பதுமை ஒன்றை முன்னே நிறுத்தினான். அந்தக் கிழவன் தழுவிய தழுவலில் இரும்பே நொறுங்கிப்போயிற்று. அன்போடு அணைப்பதுபோல் அணைத்து உயிரை வாங்கும் கொடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

இதன் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். அங்கே இதைத் தின்று அடக்கி வைக்கிற பூச்சிகளும் பூஞ்சணங்களும் இருப்பதால் அது நாலு செடியோடு ஒரு செடியாக வளர்கிறது. கடல் கடந்து வந்தபோது அந்தப் பகைவர்கள் கூட வரவில்லை. ஆகவே வந்த இடத்தில் கேட்பாரற்று ஆட்சி செய்கிறது. உலகத்தை மிகவும் வருத்தும் 100 அந்நிய உயிர்கள் என்று அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று.

கொடிகளால் வளர்ந்த நாடு

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஜொகூர் மாநிலமே ஒரு வகையில் கொடிகளால் வளர்ந்த நாடுதான். ரப்பர் வருவதற்கு வெகு காலம் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, சீனக் குடியானவர்கள் ஆற்றோரங்களில் குடியேறி இரண்டு பயிர்களை வளர்த்தார்கள். ஒன்று மிளகு. மற்றொன்று காம்பீர். மிளகு கொடி என்பது நமக்குத் தெரியும். காம்பீரும் கொக்கிகளால் பற்றி ஏறும் இனத்தைச் சேர்ந்ததே. அதன் இலையைக் கொதிக்க வைத்து எடுக்கும் சாரம் தோல் பதனிடவும், சாயத்துக்கும், வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்டது. ஆற்றுக்கு ஒரு தலைவர் இருந்து இந்தக் குடியேற்றத்தை நடத்தினார். அவருக்குக் 'காங்சூ' என்று பெயர். 1917-இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

ஜொகூர் அரசாங்கச் சின்னத்தை உற்றுப் பாருங்கள். அதில் மிளகு இலையும் காம்பீர் இலையும் இருக்கும். சோறு போட்ட கொடிகளுக்குச் செய்த மரியாதை அது.

ஆனால் காம்பீர் காய்ச்சுவதற்கு ஏராளமான விறகு வேண்டும். காடு விறகாயிற்று. மண் சத்திழந்ததும் தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். விட்ட நிலத்தில் லாலான் புல் மண்டியது. பிறகு ரப்பர் வந்தது, நம்மவர்கள் வந்தார்கள், செம்பனை வந்தது. ஒவ்வொரு முறையும் காட்டின் ஓரம் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போயிற்று. வெயில் விழாத காட்டுக்குள் மிக்கானியா நுழைவதில்லை. வெட்டுப்பட்ட விளிம்பில், மரம் விழுந்து வானம் திறந்த இடத்தில், சாலை போட்டுக் கீறிய இடத்தில்தான் அது காலூன்றும். காட்டின் காயத்தில் வந்து உட்காரும் ஈயைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

யார் கொண்டு வந்தது?

மலைக்காடு வெட்டிப் புதுக்கன்று வைத்தால் அடுத்த மழையிலேயே மேல்மண் அரித்துப் போய்விடும். அதைத் தடுக்கக் கன்றுகளுக்கு இடையில் மூடுகொடி போடுவது தோட்டத்து வழக்கம். புயேராரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் என்ற மூன்றையும் புதுநடவுத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். இவை அவரைக் குடும்பத்துக் கொடிகள். வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. செம்பனைத் தோட்டங்களில் இப்போது அதிகம் காணப்படும் மியூக்கூனா கொடியும் இதே குடும்பம். அது நம் இந்தியாவிலிருந்து வந்தது.

இப்படிப்பட்ட வேலைக்குத்தான் மிக்கானியாவையும் அழைத்து வந்தார்கள். 1949-இல் பராகுவே நாட்டிலிருந்து ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு அது வந்தது. 1956-இல் ரப்பர் தோட்டத்தில் மூடுகொடியாகப் பயன்படுத்தினார்கள். மலேசியத் தோட்டங்களிலும் மூடுகொடியாகவே அதற்கு இடம் கிடைத்தது. வேகமாகப் பரவியது, மண்ணை மூடியது, லாலானைக் கூட அமுக்கியது. பார்த்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அது அவரைக் குடும்பம் அல்ல, சூரியகாந்திக் குடும்பம். மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருவதற்குப் பதில் எடுத்துக்கொண்டது. நம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் 1960-களில் ஆராய்ந்து, இந்தக் கொடியிலுள்ள சில பொருள்கள் ரப்பர்க் கன்றின் வளர்ச்சியையே குன்றச் செய்கின்றன என்று கண்டார்கள். 1925-இல் ஏற்பட்ட அந்தக் கழகம் 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதியாக இருக்கிறது. விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்ட கதைதான்.

வெளியிலிருந்து வருவதெல்லாம் கேடு என்று சொல்லிவிடவும் முடியாது. இதே குளுவாங் வட்டாரத்தில் 1981-இல் ஒரு காரியம் நடந்தது. அதற்கு முன்பு செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளை மனிதர்களே கையால் தூவ வேண்டியிருந்தது. மரம் மரமாகப் போய்த் தூள் அடித்த வேலையை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டு வந்து, வேறு செடிகளைத் தின்னாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, இங்குள்ள ஒரு தோட்டத்தில் விட்டார்கள். அந்த வண்டு மகரந்த வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. அழைக்குமுன் சோதித்த விருந்தாளி உதவினான். சோதிக்காமல் அழைத்தவன் கழுத்தை நெரிக்கிறான்.

ஐந்து அடையாளங்கள்

சரி, இந்தக் கொடியை எப்படித் தெரிந்துகொள்வது? கையில் கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் விரலும் போதும்.

முதலாவது, இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். ஒவ்வொரு கணுவிலும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வெற்றிலையும் மிளகும் அப்படியல்ல. கணுவுக்கு ஓர் இலைதான், மாறி மாறி வரும். இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, இலை இதய வடிவம், நுனி கூர்மை, அடியிலிருந்தே சில நரம்புகள் விரல் விரித்தாற்போல் கிளம்பும். விளிம்பு நேராக இராது. பல் பல்லாகவோ அலையாகவோ இருக்கும். இலை மெல்லியது, மிருதுவானது. கசக்கினால் வெற்றிலைக் காரம் இராது. அம்மா கிள்ளி முகர்ந்தது இதற்காகத்தான்.

மூன்றாவது, அது ஏறுகிற விதம். பாகற்கொடிக்கு இருப்பது போன்ற பற்றுச்சுருள் இதற்கு இல்லை. பிரம்புக்கு இருப்பது போன்ற முள்ளும் இல்லை. தண்டே மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும். தண்டை ஒடித்தால் பால் வடியாது.

நான்காவது, கணு. இதுதான் முக்கியம். இளந்தண்டில், இரண்டு இலைக்காம்புகளும் சேருமிடத்தில், காது மடல் போல மெல்லிய, ஒளி ஊடுருவும் சவ்வு ஒன்று நிற்கும். கொடி காய்ந்தால் அது சுருங்கி மறைந்துவிடும். ஆகவே பச்சைக் கொடியில்தான் பார்க்க வேண்டும். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் பகுதிக்கே உரிய மிக்கானியா ஒன்றும் உண்டு. 'மிக்கானியா கோர்டாட்டா' என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வந்தவனுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. பல ஆண்டுகள் மலாயாவில் வந்தவனையே தம்பியின் பெயரால் எழுதி வந்தார்கள். கணுவில் சவ்வு மடலும் சிறிய பூவும் இருந்தால் வந்தவன். மடலில்லாமல் வரம்பு போன்ற மேடும் சற்றுப் பெரிய பூவும் இருந்தால் தம்பி.

ஐந்தாவது, பூவும் விதையும். பூக்கள் வெண்மை அல்லது பச்சை கலந்த வெண்மை. கொத்துக் கொத்தாக இருக்கும். இலேசான மணமும் உண்டு. ஒரு சிறு மொட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு குட்டிப் பூக்கள் இருக்கும். எப்போதும் நான்குதான். விதை கறுப்பு, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. தலையில் வெள்ளை மயிர்க்குஞ்சம் வைத்திருக்கும். காற்றடித்தால் பறக்கும், உங்கள் கால்சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

ஏமாற்றும் முகங்கள்

காட்டோரத்தில் வேறு கொடிகளும் உண்டு. ஒரே காம்பில் மூன்று இலைகள் இருந்தால் அது மூடுகொடிக் கூட்டம், மிக்கானியா இல்லை. பற்றுச்சுருள் இருந்து, வலைப்பின்னல் போன்ற உறைக்குள் சிறு பழம் இருந்தால் அது சிறுபூனைக்காலி. தோட்டத்துப் பிள்ளைகள் பழுத்ததைப் பறித்து உறிஞ்சித் தின்பார்களே, அதுதான். இதய வடிவ இலை இருந்தும் மாறி மாறி வந்து, ஒடித்தால் பால் கசிந்து, புனல் போன்ற பூ பூத்தால் அது தாளிக் கொடிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது.

மிகவும் ஏமாற்றுவது வள்ளிக்கிழங்குக் கொடி. பெருவள்ளியின் இலையும் இதய வடிவம். அதுவும் பெரும்பாலும் எதிரெதிராகத்தான் நிற்கும். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, எங்கள் லயத்தில் ஒரு கோத்தோங் ரோயோங் நடந்தது. வீரம் காட்டுவதற்காக வேலியோரத்துக் கொடியையெல்லாம் இழுத்துப் போட்டேன். மாலையில் வேலையிலிருந்து வந்த அம்மா அந்தக் குவியலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பிடுங்கியதில் பாதி, தைப்பொங்கலுக்காக அவர் வளர்த்து வந்த பெருவள்ளி. அன்று எனக்குக் கிடைத்த பாடம் இது: பெருவள்ளியின் இலை விளிம்பில் பல் கிடையாது, நரம்புகள் வளைந்து நுனிக்கு ஓடும், தண்டு நாற்கோணமாக, ஓரங்களில் இறக்கை வைத்ததுபோல் இருக்கும். கையால் உருட்டிப் பார்த்தாலே தெரியும்.

சொந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொடி என்றாலே பகை என்று எண்ணி எல்லாவற்றையும் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். காட்டுக்குள் பிரம்பு, காட்டு மிளகு, பருத்த மரக்கொடிகள் எல்லாம் அந்தக் காட்டின் பிள்ளைகள். குரங்கும் அணிலும் அவற்றில் ஏறி நடக்கின்றன. பறவைகள் அவற்றின் பழத்தைத் தின்கின்றன. அடையாளம் தெரியாமல் கத்தி எடுப்பவன், களையைக் கொல்லப் போய் வீட்டுப் பிள்ளையைக் கொன்றுவிடுகிறான்.

கழுத்தை நெரிக்கும் விதம்

இந்தக் கொடி மரத்தைத் தின்பதில்லை; விஷம் வைத்துக் கொல்வதும் குறைவு. வெயிலைத்தான் பறிக்கிறது. நல்ல மழையும் வெயிலும் கிடைத்தால் ஒரு நாளில் 8 அல்லது 9 சென்டிமீட்டர் நீளும் என்று அளந்திருக்கிறார்கள். ஒரே செடி சில மாதங்களில் 25 சதுர மீட்டருக்கு மேல் மூடிவிடும். ஆண்டுக்கு 40,000 விதைகள் வரை உதிர்க்கும். இளமரத்தின் உச்சியை மூடியதும் இலைகளுக்கு ஒளி கிடைப்பதில்லை. கொடியின் பாரத்தில் கிளை வளையும். மழையில் நனைந்தால் பாரம் இன்னும் கூடும். லம்பாக் அடிவாரத்தில் நாங்கள் பார்த்த இடத்தில், ஒரு மகாங் கன்று வில்லாக வளைந்து, தலை மண்ணைத் தொட்டபடி நின்றது. அந்தக் கன்று வளர்ந்து நிழல் தந்தால்தான் அதன் கீழே பெரிய காட்டு மரங்கள் முளைக்கும். அது மடிந்தால் காட்டின் காயம் ஆறுவதே இல்லை.

நேப்பாளத்தின் சித்வான் வனத்தில் காண்டாமிருகங்கள் மேயும் இடத்தை இது மூடுகிறது. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் தேயிலைச் செடியின் தலையில் ஏறுகிறது. தேயிலையில் கொழுந்து கிள்ளுபவரும், இங்கே பால் வெட்டுபவரும் ஒரே கொடியோடுதான் மல்லாடுகிறார்கள்.

அத்தையின் நகங்கள்

இந்தக் கொடியை ஒழிக்க என்ன செய்தார்கள்? மருந்து அடித்தார்கள். யார் அடித்தது? பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்.

என் அத்தை ஒருவர் பல ஆண்டுகள் மருந்துப் பம்பு சுமந்தார். விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு போவார். பம்பு ஒழுகும். முதுகு நனையும். கையுறை இருந்தாலும் வெக்கையில் போட முடியாது. வீடு வந்தால் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவார். அவருடைய விரல் நகங்கள் நிறம் மாறி, வெடித்து, ஒவ்வொன்றாக விழுந்து முளைத்தன. "எல்லாம் அந்தக் கொடி செய்த வேலை" என்று சொல்லிச் சிரிப்பார். கொடி அப்படிச் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

2002-ஆம் ஆண்டில் தெனாகனித்தா என்ற அமைப்பு, தோட்டங்களில் பூச்சிமருந்தும் களைமருந்தும் அடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் நடத்திய அமைப்பு அது. அதே 2002-இல் பராகுவாட் என்ற களைமருந்தைப் படிப்படியாக நிறுத்த மலேசிய அரசாங்கம் முடிவு செய்தது. 2006-இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. கடைசியில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத்தடை வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! அத்தனை நாளும் எத்தனை முதுகுகள் நனைந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் இன்னொரு சோகம் உண்டு. பராகுவாட் பட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்து. மேல் இலை கருகிவிடும். ஆனால் மிக்கானியா மண்ணில் தொட்ட ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருக்கும். ஆகவே சில வாரங்களில் அது மறுபடியும் தழைக்கும். மறுபடியும் பம்பு. கொடிக்கு ஒரு பருவந்தான் போயிற்று. அடித்தவருக்கு உடம்பே போயிற்று.

வேறு வழிகளையும் தேடினார்கள். அதன் தாய்நாட்டுப் பூச்சி ஒன்றை 1990-இல் மலேசியாவில் விட்டுப் பார்த்தார்கள். அது இங்கே நிலைக்கவில்லை. இலையில் துருப்பிடித்தாற்போல் நோய் உண்டாக்கும் பூஞ்சணம் ஒன்றை இந்தியாவில் 2005-இல் அஸ்ஸாமிலும் அடுத்து கேரளத்திலும் விட்டார்கள். அங்கும் அது நிலைக்கவில்லை. பாப்புவா நியூகினியிலும் பீஜியிலும் அதே பூஞ்சணம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ரப்பர் மரங்களுக்கிடையில் செம்மறியாடு மேய்க்கும் முறையையும் நம் ஆராய்ச்சிக் கழகம் பரிசோதித்தது. ஆடு இந்தக் கொடியை விரும்பித் தின்னும்.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டைச் சுற்றியும் காய்கறித் தோட்டத்திலும் இதைக் கண்டால் கையாலேயே பிடுங்கலாம். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். கொடியை அப்படியே இழுத்தால் துண்டு துண்டாக அறுந்துவிடும். தரையோடு ஓடும் தண்டைத் தேடிப் பிடித்துக் கணுக்கணுவாகக் கிளப்ப வேண்டும். பிடுங்கியதை ஈரத் தரையிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். ஒரு கணு மண்ணைத் தொட்டால் அது புதுச்செடி. சிமிந்தித் தரையிலோ கம்பிவேலி மேலோ போட்டு வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி பாருங்கள். நிச்சயமாகச் சில தளிர்கள் எட்டிப் பார்க்கும். அவற்றையும் எடுத்துவிட்டு, வெற்றிடத்தை வெறுமனே விடாமல் கீரையோ கிழங்கோ ஊன்றுங்கள். நிழல் விழுந்த இடத்துக்கு அது எளிதில் திரும்பாது.

குனோங் லம்பாக், கோத்தா திங்கி, குனோங் லேடாங், எண்டாவ் ரொம்பின் போன்ற காடுகளுக்குப் போனால் நீங்களாகவே எதையும் பிடுங்காதீர்கள். அங்கே அனுமதியில்லாமல் செடி கொடி எடுப்பது குற்றம். இடத்தைக் குறித்துக்கொண்டு, கணு தெரியும்படி ஒரு படம் எடுத்து, வன இலாகா அலுவலரிடம் காட்டுங்கள். காட்டுக்குள் போகுமுன்னும் திரும்பி வரும்போதும் சப்பாத்தையும் கால்சட்டையையும் உதறிப் பார்த்து, ஒட்டியிருக்கும் விதைகளை எடுத்துவிடுங்கள். இது பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு குஞ்சம் வைத்த விதை ஒரு மலையடிவாரத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது என்ற திருப்தி மிஞ்சும்.

லம்பாக்கிலிருந்து திரும்பும்போது, அக்காள் மகள் வழியெங்கும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "மூன்று இலை... இது இல்லை. சுருள் இருக்கிறது... இதுவும் இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காடு முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில், ஒரு வேலியருகே நின்று, தண்டை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, கணுவிலிருந்த அந்த மெல்லிய சவ்வைப் பாட்டிக்குக் காட்டினாள். அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வெகு நேரம் பார்த்தார். "முப்பது வருஷம் இதைப் பிடுங்கினேன். இப்படி ஒரு காது இதற்கு இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

தோட்டத்தில் அவருக்கு நின்று பார்க்க யார் நேரம் கொடுத்தார்கள்? உங்களுக்கு நேரம் கிடைத்தால், அடுத்த முறை காட்டோரம் நடக்கும்போது ஒரு நிமிஷம் நின்று அந்தக் கணுவைப் பாருங்கள். கூட வரும் பிள்ளைக்கும் காட்டுங்கள்.